களப்பணி நோட்டும் கொள்ளேகால் ஏரிக்கரையும்

கல்லூரி திறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். எதிர்வீட்டுப் பெண் ஒரு மாலைப் பொழுதில் பழைய ரெக்கார்டு நோட்டு ஒன்றைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றாள். பி.எஸ்ஸி. முதலாண்டு. சூழலியல் பாடத்துக்குக் களப்பணி அறிக்கை எழுத வேண்டுமாம்.

"சார், இதைப் பார்த்து எழுதிட்டாப் போதும்னு சீனியர் அக்கா குடுத்தாங்க. எனக்குத்தான் மனசு ஒப்பலை. நீங்க ஒருதரம் பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

நான் பல ஆண்டுகள் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். தெருவில் யார் வீட்டு முருங்கை பட்டுப்போனாலும், எந்தப் பிள்ளைக்கு ரெக்கார்டில் சந்தேகம் வந்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நோட்டைப் புரட்டினேன். படங்கள் அழகாக இருந்தன. மரங்களின் பட்டியலில் தேவதாரு இருந்தது. இமயமலைச் சரிவில் வளரும் தேவதாரு நம் கொள்ளேகாலுக்கு எப்போது குடிவந்ததோ! அடுத்த பக்கத்தில் ஓர் அட்டவணை. பத்துச் சதுரங்கள், எட்டுச் செடிகள். எல்லாச் செடியும் எல்லாச் சதுரத்திலும் இருந்தன. 5, 6, 5, 7, 6 என்று எண்கள் வரிசையாக நின்றன. ஒரு கட்டத்தில்கூடப் பூஜ்யம் இல்லை.

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. நானும் மாணவனாக இருந்தபோது இதே திருட்டைச் செய்தவன்தான். பத்துச் சதுரம் எண்ணச் சொன்னார்கள். வெயில் ஏறியதும் மூன்றோடு நிறுத்திவிட்டு, மீதி ஏழையும் நானும் நண்பனும் மரத்தடியில் உட்கார்ந்து எழுதி முடித்தோம். ஆசிரியர் நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "பூஜ்யம் எங்கேடா?" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் தனியாகப் போய் எண்ணினேன். அட்டவணையில் பாதிக்கு மேல் பூஜ்யம்தான் வந்தது.

இந்த ஆண்டு நம் சங்கத்துக் குடும்பங்களில் கல்லூரி சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களைக் களப்பணிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கும் சில விஷயங்களைச் சொல்லலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சூழலியல் என்றால் மரம் நடுவது, பிளாஸ்டிக் ஒழிப்பது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அவையெல்லாம் நல்ல காரியங்கள்தாம். ஆனால் பாடம் அதுவல்ல. ஓர் உயிர் ஏன் இங்கே இருக்கிறது, ஏன் அங்கே இல்லை, இருக்கிற இடத்தில் எத்தனை இருக்கிறது, எதைத் தின்கிறது, எதற்கு இரையாகிறது என்று கேட்டுப் பதில் தேடுவதுதான் சூழலியல். ஜெர்மானிய அறிஞர் எர்னஸ்ட் ஹெக்கல் 1866-ல் இத்துறைக்குப் பெயர் வைத்தார். உயிர்களும் மண்ணும் நீரும் சேர்ந்த அமைப்பைக் குறிக்க 'ஈகோசிஸ்டம்' என்ற சொல்லை ஆங்கிலேயர் டான்ஸ்லி 1935-ல் கொண்டுவந்தார். பரீட்சையில் இவ்விரு ஆண்டுகளும் அடிக்கடி வரும். அத்துடன் இந்த வரலாற்றை விட்டுவிடலாம்.

இன்னொரு பாடமும் உண்டு. பி.ஏ., பி.காம். படிப்பவர்களும் தப்ப முடியாத சுற்றுச்சூழல் கல்வி. எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம், பள்ளியிலும் கல்லூரியிலும் இதைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்றது. பல்கலைக் கழக மானியக் குழு அதற்கென வகுத்த ஆறு மாதப் பாடத்திட்டம் 2004 முதல் நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 50 வகுப்புகள், 8 பகுதிகள். அதில் எட்டாவது பகுதி முழுக்கக் களப்பணி. பக்கத்திலுள்ள ஆறு, காடு, மலை எதையாவது பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். மாசடைந்த இடம் ஒன்றைப் பார்க்க வேண்டும். சாதாரணமாகத் தென்படும் செடி, பூச்சி, பறவைகளை அறிய வேண்டும். குளம், மலைச்சரிவு போன்ற எளிய அமைப்பு ஒன்றை ஆராய வேண்டும். நூற்றில் 25 மதிப்பெண் அதற்கென்றே ஒதுக்கினார்கள். பிறகு பாடத்திட்டங்கள் பலவாறு மாறிவிட்டன. இன்று மதிப்பெண் கணக்கு பல்கலைக் கழகத்துக்குப் பல்கலைக் கழகம் வேறுபடும். அந்தந்தக் கல்லூரியில் கேட்டுக்கொள்வதே நல்லது. ஆனால் இந்தக் கால் பங்கு மதிப்பெண்ணுக்காகத்தான் பழைய நோட்டுகள் கைமாறிக்கொண்டிருந்தன என்பது எனக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணிடம், "ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரைக்கு வா, உண்மையாகவே எண்ணிப் பார்ப்போம்" என்றேன். அன்று இரவே அவள் தகப்பனார் வந்துவிட்டார்.

"ஏனுங்க வாத்தியாரய்யா, ஃபீஸ் கட்டி காலேஜுல சேர்த்தது ஏரிக்கரையில எருமை மேய்க்கிறவனாட்டம் நிக்கறதுக்குங்களா? பொம்பளப்புள்ள வேற."

அவருக்குப் பட்டுக்கூடு வியாபாரம். ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர் மல்பெரியும் ஒரு புழு வளர்ப்பு மனையும் உண்டு. கொள்ளேகால் பட்டைப் பற்றி நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1956-ல் மாநிலங்கள் பிரிக்கப்படும்வரை இந்த ஊர் சென்னை ராஜ்ஜியத்தில் கோயமுத்தூர் ஜில்லாவோடு இருந்தது. பிறகு மைசூர் மாவட்டம். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். அவர் பாட்டனார் காலத்திலிருந்தே குடும்பம் இங்கேதான்.

நான் நேராகப் பதில் சொல்லவில்லை. "இந்தத் தடவை ஊசி ஈ தொந்தரவு உண்டா?" என்று கேட்டேன். கன்னடத்தில் ஊஜி நொண என்பார்கள். அவ்வளவுதான், மனிதர் கால் மணி நேரம் பேசினார். ஈ எப்படிப் புழுவின் முதுகில் ஒற்றை முட்டை வைத்துவிட்டுப் போகும், முட்டை பொரிந்து குட்டிப்புழு உள்ளே துளைத்த இடத்தில் எப்படிக் கருப்புத் தழும்பு விழும், உள்ளேயிருந்தே தின்று கொழுத்துக் கூட்டையும் ஓட்டை போட்டு வெளியே வந்தால் அந்தக் கூட்டில் நூல் இழுக்க முடியாமல் போவது, ஜன்னலுக்கு நைலான் வலை அடிப்பது, பட்டு இலாகாவில் வாங்கும் சின்னக் குளவி அந்த ஈயின் கூட்டுப்புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்வது, எல்லாம் வரிசையாகச் சொன்னார்.

"இந்த ஈ முன்னே இங்கே கிடையாதே?" என்றேன்.

"கிடையாதுங்க. எங்கப்பா நல்லாச் சொல்வாரு. 80-ல வந்து சேர்ந்ததுங்க."

உண்மைதான். மேற்கு வங்கத்திலிருந்து 1980-ல் தவறுதலாகக் கர்நாடகத்துக்கு வந்து சேர்ந்த ஈ அது. இயற்கைப் பகைவன் இல்லாத புது இடத்தில் பெருகிற்று. பகைவனாகக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒட்டுண்ணி, ஓம்புயிர், அயல் இனம், உயிரியல் கட்டுப்பாடு என்று பாடப் புத்தகத்தில் நாலு அத்தியாயமாக வருவதைத்தான் அவர் சொல்லி முடித்திருந்தார். 2008-ல் கோயமுத்தூர்ப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரியையும் விடவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்த பிறகே அடங்கியது. "உங்கள் பெண் படிக்கப்போவது இதைத்தான்" என்றேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். "கூட அவ பாட்டியும் வரட்டுங்க" என்றார். அதுவே பெரிய உபகாரமாகப் போயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

கொள்ளேகாலில் களத்துக்குப் பஞ்சமே இல்லை. ஊரையொட்டி தொட்டரங்கனகெரெ, சிக்கரங்கனகெரெ முதலான ஏரிகள். மரடி குட்டா என்ற சிறு குன்று. கொஞ்சம் தள்ளினால் காவிரி, சிவனசமுத்திரம் அருவிகள். ஒரு பக்கம் பிளிகிரிரங்கன் மலை, மறுபக்கம் மாதேஸ்வரன் மலை. பிள்ளைகள் உடனே மலைக்குப் போகத்தான் துடிப்பார்கள். யானை, புலி என்றால்தான் அது சூழலியல் என்ற நினைப்பு. நான் ஏரியில்தான் தொடங்கச் சொல்வேன். பிளிகிரிரங்கன் மலை 2011 முதல் புலிகள் காப்பகம். வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதியில்லாமல் கோயிலுக்குப் போகும் சாலையை விட்டு இறங்கவே கூடாது. கல்லூரி ஏற்பாடு செய்து, வனக் காவலருடன் போனால் போகலாம். ஏரிக்கோ வாரா வாரம் போகலாம். ஒரு தடவை பார்த்ததை வைத்துச் சொல்ல அதிகமில்லை. அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் விஷயம் பிடிபடும்.

அந்த ஞாயிறு ஆறரை மணிக்கு ஏரிக்கரை சேர்ந்தோம். சாமான்கள்: நாலு மரக்குச்சி, நாலு மீட்டர் கயிறு, தையல்காரர் டேப், ஒரு நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், மழைத் துளி பட்டால் மை கரைந்துவிடும். முழங்கால் மறைக்கும் உடை, மூடிய காலணி, தொப்பி, தண்ணீர். நோட்டில் முதலில் தேதி, மணி, இடம், வானிலை, கூட வந்தவர்கள். இந்த ஒரு வரி இல்லாத குறிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் பயன்படாது. சாலிம் அலி 1939-40-ல் மைசூர் சமஸ்தானத்துப் பறவைகளைக் கணக்கெடுத்தபோது பிளிகிரிரங்கன் மலைக்கும் வந்திருக்கிறார். அவருடைய குறிப்புகள் இன்றும் உதவுகின்றன என்றால், எங்கே, எப்போது பார்த்தார் என்று எழுதி வைத்ததால்தான்.

கயிற்றைக் குச்சிகளில் கட்டி ஒரு மீட்டர் சதுரம் செய்தோம். சிறு செடிகளுக்கு இது போதும். புதர்களுக்கு 5 மீட்டர், மரங்களுக்கு 10 மீட்டர் சதுரம் எடுப்பது வழக்கம். சதுரத்தை எங்கே வைப்பது? இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். கண் தானாகவே பூத்திருக்கும் இடத்துக்கு, செடி நிறைந்த இடத்துக்கு ஓடும். அப்படி வைத்தால் நாம் அளப்பது ஏரிக்கரையை அல்ல, நம் ஆசையை. அதனால் ஒன்று முதல் ஐம்பது வரை சீட்டு எழுதிக் குலுக்கினோம். கரையில் அத்தனை காலடி நடந்து, எங்கே வருகிறதோ அங்கே சதுரம். வெறும் பாறையானாலும் சரி.

இரண்டாவது சீட்டில் 17 வந்தது. பதினேழாவது அடியில் மாட்டுவண்டித் தடம். ஒரு புல்கூட இல்லை. "சார், கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமா?" என்றாள். கூடாது என்றேன். முகம் சுண்டிப் போயிற்று. ஆனாலும் எழுதினாள்: எட்டுச் செடிக்கும் எட்டுப் பூஜ்யம்.

பூஜ்யத்துக்கு நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்கு. பத்துச் சதுரம் வைத்தோம். பார்த்தீனியம் நாலு சதுரத்தில் மட்டும் இருந்தது, மொத்தம் 60 செடிகள். அப்படியானால் பத்துக்கு நாலு. அதாவது நிகழ்விரைவு நூற்றுக்கு 40. அடர்த்தி, 60-ஐப் பத்தால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 6. இருந்த நாலு சதுரங்களை மட்டும் எடுத்து வகுத்தால் 15. இதற்கு மிகுதி என்று பெயர். மூன்றும் மூன்று வெவ்வேறு செய்திகள். செடி கரை முழுவதும் சீராகப் பரவவில்லை, சில இடங்களில் கொத்தாக மண்டிக் கிடக்கிறது என்பதை 6-க்கும் 15-க்கும் உள்ள இடைவெளிதான் காட்டுகிறது. பூஜ்யங்களை விட்டுவிட்டால் அடர்த்தியும் 15 ஆகிவிடும். உள்ளதைப் போல இரண்டரை மடங்கு! பரீட்சையில் இம்மூன்றுக்கும் சூத்திரம் கேட்பார்கள். ஒரு தடவை கரையில் நின்று எண்ணியவருக்கு மனப்பாடம் தேவையில்லை.

பாட்டியம்மாளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. பெண்ணுக்குக் கன்னடத்தில் பேர் தெரியும், ஆங்கிலத்தில் கொஞ்சம் தெரியும், தமிழில் தெரியாது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் இதே நிலைதான். பாட்டி குனிந்து ஒரு செடியைக் கிள்ளி, உள்ளங்கையில் கசக்கி, "கரிசலாங்கண்ணி, பாரு கை கறுக்குது" என்றார். பேத்தி, "இதை கருகத சொப்புன்னு சொல்வாங்க" என்றாள். நான் எக்லிப்டா புரோஸ்ட்ராட்டா என்றேன். நோட்டில் மூன்று பெயர்களும் ஏறின. அப்படியே பொன்னாங்கண்ணி, ஹொனகொனெ சொப்பு, வல்லாரை, ஒந்தெலக, கீழாநெல்லி, நெலநெல்லி. அத்தனையும் ஈரம் தேடும் செடிகள் என்பதால் தண்ணீரை ஒட்டிய சதுரங்களில்தான் கிடைத்தன, மேட்டில் பூஜ்யம். கரையிலிருந்து எத்தனை அடி தூரத்தில் எது நின்றுவிடுகிறது என்று ஒரு கோடு போட்டால் அதுவே நல்ல அறிக்கை. நம் மேடைகளில் ஐந்திணையைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். எந்த மண்ணில் எந்தப் பூ என்று அவர்கள் கண்ணால் பார்த்துத்தானே அறிந்தார்கள். நாம் பார்க்கிறோமா?

ஏரியில் வெங்காயத்தாமரை ஒரு மூலையை அடைத்திருந்தது. பறவைகளைப் பத்து நிமிடம் அசையாமல் நின்று எண்ணினோம்: முக்குளிப்பான், நீர்க்காகம், கொக்கு, மீன்கொத்தி. நாரை ஒன்றும் வரவில்லை, அதையும் எழுதினோம். குளிர்கால விருந்தாளிகள் வந்தபின் ஜனவரியில் இதே இடத்தில் இதே பத்து நிமிடம் நின்றால்தான் இன்றைய 'இல்லை'க்கு அர்த்தம் வரும். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கைபேசியிலேயே பதியலாம், செலவில்லை.

இந்த எளிய கயிற்று வேலையெல்லாம் முதலாண்டுப் பிள்ளைகளுக்குத்தான் என்று எண்ண வேண்டாம். பிளிகிரிரங்கன் மலையிலேயே நடந்ததைச் சொல்கிறேன். பெங்களூரு ஏட்ரீ நிறுவன ஆய்வாளர்கள் 1997-ல் அந்த மலை முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் 80 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் கொண்ட பட்டைகளை அளந்து, உள்ளே நின்ற செடி மரங்களை எண்ணி வைத்தார்கள். 2008-ல் அதே இடங்களை மீண்டும் எண்ணினார்கள். முதல் தடவை ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பட்டைகளில் இருந்த உண்ணிச்செடி, பதினோரு ஆண்டில் எண்பதில் இருந்தது. லாண்டானா என்பார்களே, வண்ண வண்ணக் கொத்துப் பூவுடன் வேலியோரம் நிற்குமே, அதுதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து அலங்காரச் செடியாக வந்தது. பரத் சுந்தரமும் அங்கிளா ஹிரேமத்தும் 2012-ல் இதை வெளியிட்டார்கள். 1997-ல் நூற்றுக்கு அறுபது பட்டைகளில் 'உண்ணிச்செடி இல்லை' என்று யாரோ வெயிலில் நின்று நேர்மையாக எழுதியிருக்காவிட்டால், இப்படிப் பரவியது என்று யாராலும் நிரூபிக்க முடிந்திராது.

ஏன் பரவியது? அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் சோலிகர்கள் ஒரு காரணம் சொல்கிறார்கள். காய்ந்த சருகுக்கு மட்டும் மெல்ல வைக்கும் தீ அவர்களிடம் வழக்கமாக இருந்தது; தரகு பெங்கி என்று பெயர். 1974-ல் வனவிலங்குச் சரணாலயமான பிறகு அது நின்றுபோயிற்று, அதனால்தான் உண்ணி மண்டிற்று என்கிறார்கள். தீயே கூடாது என்பது வனத்துறையின் நெடுநாள் கொள்கை. ஆய்வாளர்கள் சோலிகர் சொல்லை எழுதி எடுத்துக்கொண்டு, எண்களோடு வைத்துப் பார்த்தார்கள். 2011-ல் சோலிகர்களுக்குச் சமூக வன உரிமையும் கிடைத்தது. மலைக்குக் களப்பயணம் போகும் பிள்ளைகள் புலி தென்படவில்லையே என்று வருந்தாமல் ஒரு சோலிகப் பெரியவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்கட்டும்.

புலியைப் பற்றி ஒரு வார்த்தை. காட்டில் எத்தனை புலி என்று எப்படி எண்ணுகிறார்கள்? வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு டப்பா மொச்சையில் 50-ஐ எடுத்து மையால் குறியிட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். பிறகு கண்ணை மூடி 60 மொச்சை எடுங்கள். அதில் 6 குறியிட்டவை வந்தால், பத்தில் ஒன்று குறியிட்டது. ஆகவே மொத்தம் ஏறத்தாழ 500. புலிக்கு மை வேண்டாம். ஒன்றின் வரி இன்னொன்றுக்கு இராது. உல்லாஸ் காரந்த் நாகரஹொளெயில் தானியங்கிக் காமிராக்களை வைத்து இந்த முறையில் எண்ணி 1995-ல் வெளியிட்டார். இன்று நாடெங்கும் அதுவே அடிப்படை. எதிர்வீட்டில் அன்றிரவு மொச்சைக் குழம்பு தாமதமாயிற்று என்று கேள்வி.

பாதுகாப்பு பற்றிப் பெற்றோர் கேட்பது நியாயம். தனியாக அனுப்ப வேண்டாம்; இருவராவது போகட்டும். எங்கே போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று வீட்டில் எழுதி வைக்கட்டும். ஏரிக்குள் இறங்கவே கூடாது. சேறு ஆளை இழுக்கும், நீந்தத் தெரிந்தவனுக்கும் அதே கதிதான். புதருக்குள் கை விடுமுன் குச்சியால் தட்ட வேண்டும். வெயில் காலத்தில் உடம்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று வீடு திரும்பியதும் பார்க்க வேண்டும். பெண் பிள்ளை என்பதற்காகத் தனிச் சட்டம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆண் பிள்ளைகள்தான் தண்ணீரில் இறங்கித் தொல்லை செய்வார்கள்.

இந்தப் படிப்புக்கு மேலே என்ன என்றும் அவள் தகப்பனார் கேட்டார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மாதவ் காட்கில் முன்னின்று தொடங்கிய சூழலியல் மையம் 1983 முதல் இருக்கிறது. நம் பக்கம் போக விரும்பினால் புதுவைப் பல்கலைக் கழகத்தில் சூழலியல் துறை இருக்கிறது. மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் வனவிலங்கு உயிரியல் படிப்புக்கு நெடுநாள் பெயர் உண்டு. வேலை குவிந்து கிடக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். இடங்கள் குறைவு, சம்பளமும் தொடக்கத்தில் சுமார்தான். அதையும் அவரிடம் மறைக்கவில்லை.

அறிக்கை போன வாரம் முடிந்தது. பத்துச் சதுரம், எட்டுச் செடி, எண்பது கட்டங்கள். அதில் 47 பூஜ்யம். தேவதாரு இல்லை. பழைய நோட்டைச் சீனியர் அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். ஜனவரியில் மறுபடி எண்ண வேண்டும் என்று கயிற்றையும் குச்சிகளையும் என் வீட்டுப் பரணில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.